வருமான வரி ரிட்டன்: கிளையன்ட் படிவத்தை எதில் கட்டுவது?

ரிட்டன் தாக்கல் செய்யும் அலுவலகம் கேட்டாக வேண்டிய கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதிப் பார்த்தால் எளிதில் நூறைத் தாண்டும். பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அவற்றில் இருபதுதான் பொருந்தும். மனை விற்றவருக்கு வேறொரு இருபது. துபாயிலிருந்து ஊர் திரும்பியவருக்கு இன்னொரு இருபது. எல்லோரிடமும் நூறையும் நீட்டினால் மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்டு, "சார், நீங்களே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முந்தைய விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை முடிவு செய்கிற படிவம் தேவைப்படுகிறது. அதைக் கட்டக் காகிதம், கூகுள் ஃபார்ம்ஸ், மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ், ஜோஹோ ஃபார்ம்ஸ், ஜாட்ஃபார்ம், டேலி, ஓடிகே, லைம்சர்வே, சொந்த நிரல் என்று பல வழிகள் உண்டு. (இங்கே டேலி என்பது கணக்கு மென்பொருள் அல்ல, அதே பெயரில் இருக்கும் இணையப் படிவக் கருவி.)

முதலில் காகிதத்தில் கிளை வரையுங்கள்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் கேள்விகளை மரமாக வரைய வேண்டும். வரையும்போதே தெரிந்துவிடும், பிரிக்கும் கேள்விகள் இரண்டு வகை. ஒன்று, "இதுவா, அதுவா": விற்ற வீடு வாங்கியதா, பரம்பரையாக வந்ததா? ஒரு விடை, ஒரு கிளை. மற்றது, "இவற்றில் எவையெல்லாம்": சம்பளம், வாடகை, மனை அல்லது வீடு விற்பனை, ஷேர் மற்றும் ஃபண்டு, தொழில், வெளிநாட்டு வருமானம். ஒருவருக்கு இவற்றில் மூன்று இருக்கலாம், ஆறும் இருக்கலாம். ஆறு வகைக்கு 64 சேர்க்கைகள் வரும். எந்தக் கருவி என்பதை இந்த இரண்டாம் வகைதான் தீர்மானிக்கிறது. கருவிகளின் விளம்பரப் பக்கங்கள் "கண்டிஷனல் லாஜிக் உண்டு" என்பதோடு நின்றுவிடும். எந்த வகை என்று பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

பிரிக்கும் கேள்வியின் வாசகத்திலும் கவனம் வேண்டும். "உங்களுக்கு மூலதன ஆதாயம் உண்டா?" என்று கேட்டால் மனை விற்றவரே "இல்லை" என்று அழுத்துவார். அவரைப் பொறுத்தவரை அது மகள் கல்யாணத்துக்காக விற்ற மனை. "போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை மனை, நிலம், வீடு ஏதாவது உங்கள் பெயரிலோ கூட்டாகவோ விற்றுப் பத்திரம் பதிந்தீர்களா?" என்று கேட்டால் தப்பிக்க வழியில்லை. ஃபண்டுக்கும் அப்படித்தான். "விற்றீர்களா?" என்றால் போதாது, "ஒரு ஸ்கீமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினீர்களா?" என்றும் சேர்க்க வேண்டும். மாற்றுவதும் விற்பனைதான், ஆனால் கையில் பணம் வராததால் கிளையன்டுக்கு அது நினைவுக்கு வராது. கையில் பத்திரமோ பாஸ்போர்ட்டோ பாஸ்புக்கோ வைத்துக்கொண்டு விடை சொல்ல முடிகிற கேள்வியை மட்டுமே பிரிக்கும் கேள்வியாக வைக்க வேண்டும். சட்டப்படி அது எந்த வகை என்று தீர்மானிப்பது அலுவலகத்தின் வேலை.

"பழைய வரி முறையா, புதிய வரி முறையா?" என்பதைப் பிரிக்கும் கேள்வியாக வைத்துவிட்டு மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. "புதியது" என்று அழுத்தியவருக்கு எல்ஐசி, மருத்துவக் காப்பீடு, வீட்டு வாடகைக் கேள்விகள் மறைந்துவிடும். எது லாபம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அலுவலகத்திடம் எண்கள் இருக்காது. அந்தக் கேள்விகள் எல்லோருக்கும் போக வேண்டும். அதேபோல "நீங்கள் என்ஆர்ஐயா?" என்பதும் வேண்டாம். நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். என்ஆர்ஐயா இல்லையா என்று தீர்மானிக்கும் 182 நாள் கணக்கும், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவருக்கான 120 நாள் கணக்கும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

கூகுள் ஃபார்ம்ஸ்: எங்கே போதும், எங்கே முட்டும்

இலவசம், எல்லோருக்கும் பழக்கம், விடைகள் நேராக ஷீட்டில் வந்து விழும். இதில் கிளை பிரிவது பகுதிக்குப் பகுதி மட்டும்தான். ஒரே பகுதிக்குள் ஒரு கேள்வியைக் காட்டி இன்னொன்றை மறைக்க வழியில்லை. அதிலும் ஒரே விடை தேர்ந்தெடுக்கும் கேள்வி, கீழிறங்கும் பட்டியல் ஆகிய இரண்டில்தான் "விடைக்கேற்ற பகுதிக்குப் போ" என்ற வசதி வரும். பல விடைகளை டிக் செய்யும் கேள்வியில் வராது. நமக்கு வேண்டிய "எவையெல்லாம்" கேள்வி இங்கேதான் முட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் பகுதி இல்லாமல் கேள்விக்குக் கேள்வி தாவலாம், முன்னோக்கி மட்டும். ஆனால் பல விடைக் கேள்வியில் விடைவாரியாகப் பிரிக்க அங்கும் முடியாது. அலுவலகத்தில் ஏற்கெனவே அந்தக் கணக்கு இருந்தாலொழிய இதற்காக மாறத் தேவையில்லை.

கூகுளிலேயே சமாளிக்க ஒரு வழி உண்டு. ஆறு வகைக்கும் ஆறு "ஆம்/இல்லை" பகுதிகளைச் சங்கிலியாக வைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் விவரப் பகுதியை அடுக்க வேண்டும்: வாடகை உண்டா, வாடகை விவரம், விற்பனை உண்டா, விற்பனை விவரம், இப்படியே. மொத்தம் 12 பகுதிகள். இந்த வரிசையில் அடுக்கினால் "ஆம்" என்பது இயல்பாக அடுத்த பகுதிக்குப் போகும், விவரம் முடிந்ததும் அதுவும் தானாக அடுத்த "உண்டா"வுக்குப் போகும். "இல்லை"க்கு மட்டும் தாவல் கொடுத்தால் போதும், ஆறே அமைப்புகள். வகைகளை மேலே ஒரு கூட்டமாகவும் விவரங்களைக் கீழே ஒரு கூட்டமாகவும் வைத்தால் எல்லாத் தாவலையும் கையால் கொடுக்க வேண்டும். ஒன்று விட்டாலும் வாடகை விவரம் நிரப்பியவர் நேராக விற்பனை விவரத்துக்குள் விழுவார், அங்கே கட்டாயக் கேள்வி ஒன்று அவரை நகரவிடாது.

இந்தச் சங்கிலியில் மூன்று இடங்களில் வழுக்கும். அடுத்த "உண்டா" கேள்வியை முந்தைய விவரப் பகுதியின் கடைசியில் சேர்த்தால் ஒரு பக்கம் மிச்சம் என்று தோன்றும். அந்த விவரப் பகுதியைத் தாண்டிப் போனவருக்குக் கேள்வியே கண்ணில் படாது. ஒரே பகுதியில் இரண்டு பிரிக்கும் கேள்விகளை வைத்தாலும் குழப்பம்தான், ஒரு பகுதிக்கு ஒன்று என்பதே பாதுகாப்பு. பகுதிகளை இழுத்து இடம் மாற்றினால் "அடுத்த பகுதிக்குத் தொடர்" என்பது புதிய அடுத்ததைக் குறிக்கத் தொடங்கிவிடும். இடம் மாற்றிய அன்றே எல்லாக் கிளைகளையும் மறுபடி நடந்து பார்க்க வேண்டும்.

இரண்டு மனை விற்றவரை என்ன செய்வது? "இன்னொன்று உண்டா, ஆம்" என்று அதே பகுதிக்குத் திருப்பி அனுப்பினால் முதல் மனையின் விடைகளே அங்கே நிற்கும், அவற்றை மாற்றினால் முதல் மனை போய்விடும். கூகுளில் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் தனியாக வாங்குவதே நல்லது. திரும்பத் திரும்ப வரும் விவரத்துக்கு ஜோஹோவில் துணைப்படிவமும் ஓடிகேயில் மறுசுற்றுக் குழுவும் இருக்கின்றன.

காட்டு, மறை கருவிகள்

ஜோஹோ ஃபார்ம்ஸ், ஜாட்ஃபார்ம், டேலி மூன்றிலும் ஆறு வகையையும் ஒரே கேள்வியில் டிக் போட வைத்து, டிக்குக்கு ஏற்ற கேள்விக் கூட்டத்தை அதே பக்கத்தில் விரியச் செய்யலாம். "வாடகையும் இருக்கிறது, வீட்டுக் கடனும் இருக்கிறது என்றால் இதைக் காட்டு" என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தும் எழுதலாம். கிளையன்டுக்குப் பன்னிரண்டு முறை "அடுத்து" அழுத்தும் வேலை இல்லை. பெரும்பாலான அலுவலகங்களுக்கு இந்த வகைதான் சரி.

இவற்றுக்குள் வேறுபாடு வசதியைவிட அளவில்தான். ஜாட்ஃபார்மின் இலவசக் கணக்கு 5 படிவம், மாதம் 100 பதிவு, 100 எம்பி இடம் தருகிறது. சம்பளக்காரர்களின் கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31 என்பதால் வருஷத்தின் பதிவுகள் அனைத்தும் ஆறு வாரத்தில் குவியும். வருடத்துக்கு 300 கிளையன்ட் என்றால் மாதம் 25 என்று வகுக்கக் கூடாது, ஜூலைக்கு 200 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். போன் கேமராவில் எடுத்த படம் மூன்று நான்கு எம்பி வரும், 100 எம்பி முப்பது படங்களில் நிறைந்துவிடும். டேலியின் இலவசக் கணக்கில் பதிவுகளுக்கு உச்சவரம்பு இல்லை, கிளைத் தர்க்கமும் இலவசம், கோப்பு ஒன்றுக்கு 10 எம்பி வரை. விவரங்கள் ஐரோப்பாவில் உள்ள சர்வர்களில் தங்கும். ஜோஹோ சென்னை நிறுவனம், இந்திய டேட்டா சென்டரில் கணக்கு திறக்கலாம். வங்கி எண்ணும் பத்திர நகலும் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம் என்று கேட்கும் கிளையன்டுகளுக்கு அது எளிதான பதில். டைப்ஃபார்ம் பார்க்க அழகு, ஒரு திரைக்கு ஒரு கேள்வி. இலவசத்தில் மாதம் 10 விடைதான், இந்த வேலைக்கு ஆகாது.

ஆனால் காட்டு-மறை கருவிகளில் கூகுளைவிட நுட்பமான ஒரு ஆபத்து உண்டு: மறைந்த விடை. கிளையன்ட் தவறுதலாக "மனை விற்பனை"யை டிக் செய்து, தொகையில் 12 லட்சம் என்று எழுதிவிட்டு, பிறகு டிக்கை எடுத்துவிடுகிறார். கேள்வி மறைந்துவிடும். அந்த 12 லட்சம் பதிவோடு சேர்ந்து வருமா வராதா? வந்தால், ஷீட்டைப் பார்க்கும் ஊழியர் இல்லாத விற்பனைக்குக் கணக்குப் போடுவார். ஜாட்ஃபார்மில் மறைந்த கட்டங்களின் மதிப்பை எப்போது அழிப்பது என்று ஓர் அமைப்பு உண்டு. படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது அழிப்பதையே தேர்ந்தெடுங்கள். மறைத்த உடனே அழிக்கச் சொன்னால், கைதவறி டிக்கை எடுத்துத் திரும்பப் போடுபவர் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும். எந்தக் கருவியானாலும் இந்த 12 லட்சச் சோதனையை ஒருமுறை செய்து, ஷீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைப்பை அனுப்ப வேண்டும்.

ஓடிகே, லைம்சர்வே, சொந்த நிரல்

கிளையன்ட் தானே நிரப்பாமல், எதிரில் உட்காரவைத்தோ போனிலோ ஊழியர் கேட்டு நிரப்பும் அலுவலகங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு ஓடிகே அருமையாகப் பொருந்தும். படிவமே ஒரு எக்ஸெல் கோப்பு. ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி, "ரெலவன்ட்" என்ற பத்தியில் எப்போது காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பத்திகள். நூறு கேள்விகளின் நிபந்தனைகளை ஒரே திரையில் மேலிருந்து கீழ்வரை படித்துச் சரிபார்க்க முடிவது பெரிய நிம்மதி. மற்ற கருவிகளில் ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனிப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பொருந்தாத விடைகளை அது பதிவில் சேர்ப்பதும் இல்லை. லைம்சர்வேயும் இயல்பாக அப்படித்தான் நடந்துகொள்ளும். இரண்டையும் சொந்த சர்வரில் நிறுவலாம். அதைப் பராமரிக்க, பேக்கப் எடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

சொந்தமாக இணையப் பக்கம் எழுதுபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கட்டாயம் என்று குறித்த கட்டத்தை சிஎஸ்எஸ் மூலம் மறைத்தால், உலாவி அதையும் சரிபார்க்கும். காலியாக இருப்பதால் அனுப்ப மறுக்கும். மறைந்த கட்டத்தின் பக்கம் கர்சரை நகர்த்த முடியாததால் பிழைச் செய்தியும் திரையில் வராது. "பட்டன் வேலை செய்யலை" என்றுதான் புகார் வரும். மறைக்கும் கூட்டத்தை ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் வைத்து, மறைக்கும்போதே அதை டிசேபிள் செய்தால் சரிபார்ப்பும் நடக்காது, பழைய விடையும் போகாது.

காகிதத்தைக் கேவலமாக நினைக்க வேண்டாம். "இல்லை என்றால் 9-ஆம் கேள்விக்குச் செல்லவும்" என்று அச்சடித்த நான்கு பக்கம், நேரில் வருகிற ஐம்பது கிளையன்டுகளுக்கு எந்தக் கருவியையும்விட வேகமானது. மூத்தவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

மனை விற்பனைக் கிளை, அருகிலிருந்து

இந்த ஒரு கிளையைச் சரியாகக் கட்டிவிட்டால் மற்றவை எளிது. முதல் பிரிவு, சொத்து எப்படி வந்தது: கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில். கிரயம் தவிர மற்றவற்றுக்கு முந்தைய உரிமையாளர் வாங்கிய தேதியும் விலையும் வேண்டும், அந்தக் கேள்விகள் அப்போது மட்டும் விரிய வேண்டும். இரண்டாவது, அது முதலில் விலைக்கு வாங்கப்பட்டது எப்போது: 2001 ஏப்ரல் 1-க்கு முன்பா, அதற்குப் பிறகு 2024 ஜூலை 22 வரையா, ஜூலை 23 அல்லது அதன் பிறகா. முதல் விடை சொன்னவருக்கு 2001-ஆம் ஆண்டின் கைடுலைன் மதிப்பைத் தேட வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் சொந்தமான மனைக்கும் வீட்டுக்கும், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கக் குறியீட்டுடன் 20 சதவீதம், குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் இரண்டில் குறைவான வரியைக் கட்டலாம். இதைத் தேதிக் கட்டமாகக் கேட்காமல் மூன்று விடையாகக் கேளுங்கள். தேதிக் கட்டம் சில போன்களில் மாதம் முதலிலும் நாள் அடுத்தும் காட்டும், 5-7 என்பது 7-5 ஆகிவிடும். சரியான தேதியைப் பத்திரத்தின் முதல் பக்கப் படத்திலிருந்து ஊழியர் படிக்கட்டும்.

மூன்றாவது, விவசாய நிலமா? "ஆம்" என்றால் கிராமம், தாலுகா, அருகிலுள்ள நகரம் மட்டும் கேளுங்கள். நகர எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கிளையன்டைக் கேட்டால் பஸ் போகும் தூரத்தைச் சொல்வார். சட்டம் பார்ப்பது வான்வழி நேர்த்தூரம், அதுவும் நகரின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் என்று மாறும்.

வெளிநாட்டுக் கேள்வியை "இதர வருமானம்" கிளைக்குள் புதைத்துவிடாதீர்கள். அமெரிக்கத் தாய்நிறுவனத்தின் ஷேரை வைத்திருக்கும் சென்னை ஐடி ஊழியருக்கு அது வருமானமாகவே தோன்றாது. "உங்கள் கம்பெனி கொடுத்த வெளிநாட்டு ஷேர் உங்கள் பெயரில் இருக்கிறதா?" என்று இந்தியாவில் வசிக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. அசையாச் சொத்து நீங்கலாக வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதம் இல்லை, ஆனால் ரிட்டனில் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது. ரிட்டனில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதால் கேள்வியிலும் அப்படியே எழுதுங்கள்.

கோப்பு, கடவுச்சொல், ஒப்புதல்

கூகுள் ஃபார்ம்ஸில் கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்றைச் சேர்த்த மறுகணம், நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். அப்பாவின் போனில் மகனின் ஜிமெயில் இருக்கும், கடவுச்சொல் மகனுக்குத்தான் தெரியும், மகன் பெங்களூரில் இருப்பார். படிவம் அங்கேயே நின்றுவிடும். கூகுளில் கட்டினால் கோப்புக் கேள்வியைத் தவிர்த்து, ஒவ்வொரு கிளையின் முடிவிலும் அந்தக் கிளைக்கான ஆவணப் பட்டியலைக் காட்டி, மெயிலில் வாங்குங்கள்: ஃபார்ம் 16, ஏஐஎஸ் (வரித்துறை தரும் ஆண்டுத் தகவல் அறிக்கை), வீட்டுக் கடன் வட்டிச் சான்று, புரோக்கரின் வரி அறிக்கை. ஜோஹோ, ஜாட்ஃபார்ம், டேலி மூன்றிலும் கணக்கில்லாமலே கோப்பு ஏற்ற வைக்கலாம்.

வரித்துறை போர்ட்டலின் கடவுச்சொல்லை எந்தப் படிவத்திலும் கேட்கக் கூடாது. ஷீட்டில் 300 பேரின் கடவுச்சொல் வரிசையாக இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஏஐஎஸ் கோப்பைத் திறக்க பான் எண்ணைச் சிறிய எழுத்தில் எழுதி பிறந்த தேதியைச் சேர்த்தால் போதும், அதற்கும் எதையும் தனியாகக் கேட்க வேண்டாம். பான் கட்டத்துக்கு 5 எழுத்து, 4 எண், 1 எழுத்து என்ற சரிபார்ப்பு வைத்து, சிறிய எழுத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் முதல் கேள்வியிலேயே சிவப்புக் கோட்டைப் பார்ப்பார்கள். நான்காவது எழுத்து 'P' இல்லையென்றால் அது தனிநபர் பான் அல்ல, கம்பெனி அல்லது கூட்டுக் குடும்பத்தின் எண்ணைத் தவறி எழுதியிருப்பார்கள். ஐஎஃப்எஸ்சி எழுத்தும் எண்ணுமாக 11 இடம், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழ் அதில் உண்டு. முதல் பக்கத்தில் என்ன விவரம், எதற்காக, எவ்வளவு காலம் என்று நான்கு வரி தமிழில் எழுதி, தனி டிக்காக ஒப்புதல் வாங்குங்கள். முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள்.

அனுப்பும் முன்

ஆறு கற்பனைக் கிளையன்டுகளை எழுதி வைத்து, ஒவ்வொருவராகவும் போனிலேயே நிரப்புங்கள்: சம்பளம் மட்டும், சம்பளத்தோடு வாடகை, பாகப்பிரிவினையில் வந்த நிலம் விற்றவர், எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்யும் ஊழியர் (அவருக்குத் தொழில் கிளையும் விரிய வேண்டும்), 130 நாள் மட்டும் இங்கிருந்தவர், எதிலும் டிக் போடாத ஓய்வூதியர். கடைசி ஆளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எந்தக் கிளையும் விரியாவிட்டாலும் வங்கி வட்டி, ஓய்வூதியக் கேள்விகள் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். வாட்ஸாப்பிலிருந்து இணைப்பைத் தட்டித் திறந்து பார்ப்பதும் அவசியம், கிளையன்ட் திறக்கப்போவது அப்படித்தான்.

ஜூலையில் கேள்வியை நீக்கிப் புதிதாகச் சேர்க்காதீர்கள், வாசகத்தை மட்டும் திருத்துங்கள். புதிய கேள்வி ஷீட்டில் புதிய பத்தியாக வந்து விழும், பாதிப் பேரின் விடை ஓரிடத்திலும் மீதி வேறிடத்திலும் கிடக்கும். கேள்விகளின் உள்பெயரில் பிரிவு எண்களை எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பழைய எண்கள் மாறுகின்றன. "மனை விற்பனை, வாங்கிய காலம்" என்று பெயர் வைத்த கேள்வியை அடுத்த ஆண்டும் அப்படியே பயன்படுத்தலாம்.